அக்கா அனுப்பிய பரிசுக்கு 61,400 ரூபாய் வரி: எதிர்த்துக் கேட்கலாமா?

கேள்வி:

ஐயா, நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். அக்கா கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறார். என் மகளின் 18 ஆவது பிறந்தநாளுக்கு ஒரு கூரியர் நிறுவனம் மூலம் பார்சல் அனுப்பினார். ஒரு கைப்பை, ஒரு சோடி சப்பாத்து, இரண்டு சட்டை. படிவத்தில் "பரிசு, 20 டொலர்" என்று எழுதினாராம். இப்போது நிறுவனம் 68,900 ரூபாய் கட்டச் சொல்லி பில் அனுப்பியிருக்கிறது. அதில் 61,400 வரி, 7,500 அவர்களின் கட்டணம். பொருள்களின் பெறுமதி 410 டொலர் என்று போட்டிருக்கிறார்கள். அக்காவிடம் கேட்டால், எல்லாம் தள்ளுபடியில் வாங்கியது, மொத்தம் 148 டொலர்தான் என்கிறார். பரிசுக்கு வரி கிடையாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? ஐந்து நாளுக்குள் கட்டாவிட்டால் களஞ்சியக் கட்டணம் ஏறுமாம். தெரிந்த ஒருவர், "10,000 தாருங்கள், ஆளைப் பிடித்து முடித்துத் தருகிறேன்" என்கிறார். சுங்கத்தோடு மல்லுக்கட்ட எங்களைப் போன்றவர்களால் முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். இந்த வாரமே செய்யவும் வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கைவிடுங்கள்: அந்த 20 டொலரை. சுங்க உத்தியோகத்தர் முன்னால் போய் "படிவத்தில் 20 என்றுதானே இருக்கிறது" என்று தொடங்கினால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பப் போவதில்லை. உங்கள் அக்கா ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் நம் ஆட்கள் பலரும் "பரிசுதானே, சும்மா ஒரு தொகை" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் நல்ல கைப்பையும் புதுச் சப்பாத்தும் உள்ள பெட்டியின் மேல் 20 டொலர் என்று இருந்தால், அந்தப் படிவத்தை நம்பாமல் விட சுங்கத்துக்கு நியாயமான காரணம் கிடைத்துவிடுகிறது. பொய்யான பெறுமதி என்று எழுதிவைத்தால் பொருளையே பறிமுதல் செய்யவும் தண்டப்பணம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அதனால் உங்கள் வழக்கு 148 க்கும் 410 க்கும் இடையில்தான். அந்த இடத்தில் நின்று பேசினால் உங்கள் பக்கம் பலமானது.

பரிசுக்கு வரி இல்லை என்ற பேச்சு கொட்டாஞ்சேனையிலும் கேட்கிறது, தெஹிவளையிலும் கேட்கிறது. அதை நம்பி நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். சுங்க வரி விழுவது நாட்டுக்குள் வரும் பொருளின் மேல். யார் காசு கொடுத்தார்கள், அன்பளிப்பா, விற்பனையா என்பதைப் பார்த்து அது விழுவதில்லை. படிவத்தில் "பரிசு" என்ற கட்டத்தில் குறியிடுவது, இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் நடக்கவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. ஆகவே "பரிசு, வரியை எடுங்கள்" என்று கேட்டு முறைப்பாடு எழுதினால் ஒற்றை வாக்கியப் பதிலோடு திரும்பி வரும். "பெறுமதியைத் தவறாகக் கணித்திருக்கிறீர்கள், திருத்துங்கள்" என்று கேட்டால் அவர்கள் கோப்பைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

பெறுமதியில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது என்று ஏன் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் இறக்குமதி வரிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். முதலில் பொருளின் விலை, அதன் அனுப்புக் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டுவார்கள். அதுதான் அடித்தளம். அக்கா கூரியருக்குக் கட்டிய காசுக்கும் இங்கே வரி விழுகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு கணக்குப் பார்ப்போம். அந்தக் கூட்டுத்தொகை 30,000 ரூபாய் என்று வையுங்கள். சுங்கத் தீர்வை 20 வீதம் என்றால் 6,000. துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி 10 வீதம் என்றால் 3,000. இனி வற் வரி வருகிறது, 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். அதை 30,000 க்குப் போடுவதில்லை. 30,000 த்தோடு அதன் 10 வீதத்தையும், ஏற்கெனவே வந்த இரண்டு வரிகளையும் கூட்டி, 42,000 க்குப் போடுவார்கள். அது 7,560. மேலே 2.5 வீத சமூகப் பாதுகாப்பு பங்களிப்பு வரி. எல்லாம் சேர்ந்து 17,000 த்தைத் தாண்டிவிடும். உடுப்பு, சப்பாத்து போன்றவற்றுக்கு செஸ் என்ற கூடுதல் இறக்குமதி வரியும் வரலாம். வீதங்கள் பொருளுக்குப் பொருள் மாறும், சுங்கத் திணைக்களத்தின் இணையதளத்தில் உள்ள தீர்வை வழிகாட்டியில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நடைமுறையில் பெறுமதி 1,000 ரூபாய் கூடினால் உங்கள் கையிலிருந்து 500, 600 ரூபாய் கூடுதலாகப் போகும் என்று நினைவில் வையுங்கள். உங்கள் விடயத்தில் 410, 148 ஆக மாறினால் வரி பாதிக்கும் கீழே இறங்கும் என்பது என் கணிப்பு. அவ்வளவு பெரிய தொகைக்காகத்தான் இந்த அலைச்சல்.

இனி அந்த பில்லை மேசையில் விரித்து, பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 7,500 ரூபாயைத் தனியாக வட்டம் போடுங்கள். அது அரசாங்கத்தின் பணமே இல்லை. பொதியை விடுவிக்கும் வேலைக்கும், உங்களுக்காக முன்கூட்டி வரி கட்டியதற்கும், களஞ்சியத்துக்கும் நிறுவனம் போடும் கூலி. அதன் மேலும் தனியாக வற் இருக்கலாம். இதைப் பற்றிச் சுங்கத்திடம் முறையிட்டுப் பயனில்லை. நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்: எந்தக் கட்டணப் பட்டியலின்படி, எந்தச் சேவைக்கு எவ்வளவு? அறிவிப்பு உங்கள் கைக்கு வருவதற்கு முன்பிருந்தே களஞ்சியக் கட்டணம் ஓடியிருக்கிறதா என்று திகதியைப் பாருங்கள். சரியான விளக்கம் வராவிட்டால் நுகர்வோர் அதிகார சபைக்கு எழுதலாம், 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். சரி, அது சிறிய சண்டை. பெரிய சண்டைக்கு வருவோம்.

61,400 என்ற ஒற்றைத் தொகையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கஸ்டெக் என்று எல்லோரும் சொல்லும் சுங்கப் பிரகடனத்தின் பிரதியையோ வரிக் கணிப்புத் தாளையோ நிறுவனத்திடம் கேளுங்கள். உங்கள் பெயரில் வந்த பொதி, உங்கள் காசில் கட்டும் வரி. தரமாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு நல்ல காரணம் எதுவும் இருக்க முடியாது. தாள் கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். நாலு பொருளும் தனித்தனியாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறதா, இல்லை எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் போட்டிருக்கிறார்களா? கைப்பைகள் 4202 என்ற தலைப்பில் வரும். சப்பாத்து 64 ஆவது அத்தியாயம். சட்டை பின்னல் துணி என்றால் 61, நெய்த துணி என்றால் 62. அவசரத்தில் பெட்டி முழுவதையும் ஒரே குறியீட்டில் தள்ளிவிடுவது நடக்கிற காரியம்தான். அடுத்தது நாணய மாற்று வீதம். வாராவாரம் சுங்கம் ஒரு வீதத்தை வெளியிடும், அந்த வாரத்து வீதம்தானா என்று ஒப்பிடுங்கள். அக்காவின் விலை கனடா டொலரில். தாளில் அது அமெரிக்க டொலராக மாறியிருந்தால் அந்த ஒன்றே பெரிய வித்தியாசம். மூன்றாவது, அனுப்புக் கூலி என்று எவ்வளவு போட்டிருக்கிறார்கள், அக்கா உண்மையில் கட்டியது எவ்வளவு என்பது.

410 எங்கிருந்து வந்திருக்கும்? என் ஊகம், யாரோ அந்தக் கைப்பையின் பெயரைத் தேடி, கடையின் இணையதளத்தில் இன்றைக்கு இருக்கும் முழு விலையை எடுத்திருக்கிறார்கள். டிசம்பர் 26 க்குப் பிறகு கனடாக் கடைகளில் போடும் தள்ளுபடியை அந்தப் பக்கம் காட்டாது.

இங்கேதான் சட்டம் உங்களுக்குத் துணை வருகிறது. சுங்கக் கட்டளைச் சட்டம் 1869 ஆம் ஆண்டுப் பழையது, ஆனால் பொருளுக்குப் பெறுமதி போடும் பகுதி புதியது. உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு உடன்படிக்கையைத் தழுவி, 2003 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் சேர்க்கப்பட்ட அட்டவணை அது. அதன்படி பெறுமதி போட ஒரு வரிசை உண்டு. முதலில், வாங்கியவர் விற்றவருக்குக் கொடுத்த விலை. பரிசில் இறக்குமதி செய்பவர் யாரிடமும் வாங்கவில்லை, எனவே அந்த முதல் வழி நேரடியாகப் பொருந்தாது. அடுத்து, அதே பொருள் இலங்கைக்கு வந்தபோது சுங்கம் ஏற்றுக்கொண்ட பெறுமதி, பிறகு அதை ஒத்த பொருளின் பெறுமதி. அவையும் கிடைக்காவிட்டால் இங்கே விற்கும் விலையிலிருந்து பின்னோக்கிக் கழித்து வருவது, உற்பத்திச் செலவிலிருந்து கணிப்பது, கடைசியாக நியாயமான வழிகளைக் கொண்டு மதிப்பிடுவது. அந்தக் கடைசி வழியிலும் சிலவற்றைச் செய்யவே கூடாது: குறைந்தபட்ச விலை என்று ஒரு தொகையை வைத்துக்கொண்டு போடக் கூடாது, மனம்போனபடி போடக் கூடாது, அனுப்பிய நாட்டின் உள்ளூர்ச் சந்தை விலையை அப்படியே தூக்கிப் போடக் கூடாது. பெறுமதி எப்படிப் போடப்பட்டது என்று எழுத்தில் கேட்டால், எழுத்தில் விளக்கம் பெறும் உரிமை இறக்குமதியாளருக்கு உண்டு. முடிவை எதிர்த்து மேன்முறையீடு செய்ததற்காகத் தண்டிக்கவும் கூடாது. இவை அந்த உடன்படிக்கையின் அடிப்படைகள். 1995 முதல் இலங்கை அந்த அமைப்பில் உறுப்புநாடு.

ஒரு எச்சரிக்கை. உள்ளூர்ச் சந்தை விலை கூடாது என்ற வாதத்தை அதிகமாக இழுக்காதீர்கள். அக்காவின் கடைப் பற்றுச்சீட்டும் ரொறன்ரோ விலைதானே என்று உத்தியோகத்தர் திருப்பிக் கேட்பார், கேட்டால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். இவ்வளவு சின்னப் பொதியில், உண்மையான பற்றுச்சீட்டை மரியாதையாக நீட்டி, "இதுதான் கொடுத்த விலை, இதைவிட நம்பகமான சான்று உங்களிடம் இருந்தால் காட்டுங்கள்" என்று கேட்பதுதான் பலன் தரும். சட்டப் பிரிவுகளை அடுக்கிக்கொண்டு போகிறவர்களை விட, தாள்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் சீக்கிரம் வெளியே வருகிறார்கள்.

அந்தத் தாள்கள் எவை? கடைப் பற்றுச்சீட்டு, அதில் திகதியும் பொருளின் பெயரும் தள்ளுபடியும் தெரிய வேண்டும். அக்காவின் வங்கி அட்டைக் கூற்றில் அதே தொகை வெட்டப்பட்ட பதிவு, மற்றப் பதிவுகளை மறைத்துவிடலாம். பற்றுச்சீட்டைப் போலியாகச் செய்யலாம், வங்கிக் கூற்றோடு பொருந்தும் பற்றுச்சீட்டைத் தள்ளிவைப்பது கடினம். கூரியருக்குக் கட்டிய பற்றுச்சீட்டு. எயார்வே பில்லின், அதாவது பொதியின் இலக்கம் உள்ள கூரியர் அனுப்புச் சீட்டின், பிரதி. அக்காவிடமிருந்து ஒரு சிறு கடிதம்: தங்கையின் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினேன், விற்பனைக்கு அனுப்பவில்லை, படிவத்தில் 20 என்று எழுதியது தவறு, வாங்கிய விலை 148 கனடா டொலர் என்று. அந்தத் தவறை அவர் வாயாலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் சுங்கம் அதைத் தூக்கிப் பிடிக்க இடமிருக்காது. உங்கள் தேசிய அடையாள அட்டையின் பிரதியும் வேண்டும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் அரச கரும மொழிகளில் ஒன்று. கொழும்பில் இருந்துகொண்டு அரச உத்தியோகத்தர் ஒருவருக்குத் தமிழில் எழுதி, தமிழில் பதில் பெற அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. ஆங்கிலம் தெரியாது என்று இந்தச் சண்டையை விட்டுவிடும் அம்மாமாரைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. இப்படி எழுதினால் போதும்:

"சுங்கப் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு. எயார்வே பில் இலக்கம் இன்னது. மேற்படி பொதி கனடாவிலுள்ள என் சகோதரி எனது மகளுக்கு அனுப்பிய பரிசு. பொருள்களின் பெறுமதி 410 டொலர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவை 148 கனடா டொலருக்கு வாங்கப்பட்டவை. பற்றுச்சீட்டும் வங்கிக் கூற்றும் அனுப்பியவரின் கடிதமும் இணைக்கப்பட்டுள்ளன. பிரகடனத்தில் குறிப்பிட்ட 20 டொலர் தவறானது, அதை நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை. பெறுமதி எந்த முறையில், எந்தத் தகவலின் அடிப்படையில் தீர்மானிக்கப்பட்டது என்பதை எழுத்தில் அறியத் தருமாறும், இணைத்துள்ள ஆவணங்களின்படி மீளாய்வு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இதை முதலில் கூரியர் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பொதி விடுவிக்கப்படுவதற்கு முன் சுங்கத்திடம் மீள்மதிப்பீடு கேட்கச் சொல்லுங்கள். அங்கே உங்கள் முகவராக நிற்பது அவர்கள்தான், உத்தியோகத்தரிடம் நேரில் பேசக்கூடியவர்களும் அவர்கள்தான். அவர்கள் முனகுவார்கள், ஒரு பொதிக்காக ஓடுவது அவர்களுக்கு இலாபமில்லை. விடாதீர்கள். அதே நாளில் இன்னொரு பிரதியை கொழும்பு 11, மெயின் வீதி, 40 ஆம் இலக்கத்திலுள்ள சுங்கத் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் போடுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்காமல் படி இறங்க வேண்டாம். அந்த முத்திரைதான் பிறகு எல்லாவற்றுக்கும் சாட்சி.

விளக்கம் வராமல் இழுத்தடித்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு அதே கேள்வியை அனுப்புங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் அவர் எடுக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு என்று வழி இருக்கிறது. நிர்வாக அநீதிக்கு ஒம்புட்ஸ்மன் என்ற பாராளுமன்ற ஆணையாளரிடமும் போகலாம். நீதிமன்றமும் இருக்கிறது, ஆனால் இந்தத் தொகைக்குச் சட்டத்தரணி வைப்பது எலியைப் பிடிக்க வீட்டை இடிப்பது போலாகும்.

இப்போது ஐந்து நாள் கெடு. கட்டுவதா, காத்திருப்பதா? மீள்மதிப்பீடு எப்போதும் கட்டுவதற்கு முன்தான் சுலபம். கட்டிய பிறகு மீளப்பெறுவதும் சாத்தியம்தான், ஆனால் அது நீண்ட வழி. அதனால் முதலில் களஞ்சியக் கட்டணம் நாளொன்றுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு நாளுக்குச் சில நூறு ரூபாய் என்றால், வரியில் பல ஆயிரம் குறையும் வாய்ப்புக்காக ஒரு வாரம், பத்து நாள் பொறுப்பது இலாபம். கட்டணம் பெரிதாக ஏறினால், அல்லது பொதியைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றால், கட்டி எடுத்துவிடுங்கள். ஆனால் கட்டும்போதே "பெறுமதி மதிப்பீட்டை ஏற்காமல், எதிர்ப்புத் தெரிவித்துச் செலுத்துகிறேன்" என்று எழுதி, அதன் பிரதியை வைத்துக்கொண்டு, உடனே மீளளிப்புக் கோருங்கள். பேசாமல் கட்டிவிட்டு மூன்று மாதம் கழித்து வந்தால் என்னாலும் பெரிதாக உதவ முடியாது. பெட்டியைத் திறக்கும்போது பொருளையும் விலைச் சீட்டையும் படம் எடுத்துவிட்டுத்தான் மகளிடம் கொடுக்க வேண்டும்.

10,000 கேட்கும் அந்த நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் யாரைப் பிடிக்கப் போகிறார்? உண்மையிலேயே ஒரு உத்தியோகத்தர் கைக்கு அந்தக் காசு போனால் அது இலஞ்சம், கொடுத்த நீங்களும் குற்றவாளி. போகாவிட்டால் உங்கள் காசு அவர் பையில். இரண்டு பக்கமும் நட்டம் உங்களுக்குத்தான். உரிமம் பெற்ற சுங்க முகவரை வைப்பது வேறு விடயம், அது சட்டபூர்வமானது, ஆனால் நாலு பொருள் உள்ள ஒரு பெட்டிக்கு அவர் கூலியும் சேர்ந்தால் மிச்சம் வராது.

உங்கள் விடயத்தில் பொதியும் எயார்வே பில்லும் உண்மையானவை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். முகநூலிலோ வட்ஸ்அப்பிலோ பழகிய "வெளிநாட்டு நண்பர்" நகையும் போனும் அனுப்பினேன் என்பார். இரண்டு நாளில் ஒரு பெண் அழைத்து, சுங்கத்திலிருந்து பேசுகிறேன், வரிக் காசை இந்த வங்கிக் கணக்கில் போடுங்கள் என்பார். சுங்கம் தனி ஆளின் கணக்கில் வரி வாங்குவதே இல்லை. அப்படிக் கேட்டால் பொதியே கிடையாது. தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்தி இணைப்புகளும் அப்படித்தான், அட்டை இலக்கத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பொதி இலக்கத்தை நீங்களாகவே நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். சந்தேகம் என்றால், இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 இல் கேட்கலாம்.

அடுத்த முறை அக்கா சாதாரணத் தபாலில் அனுப்பினாலும் யோசிக்கத் தக்கது. நாள் கூடும். ஆனால் அறிவிப்பு அட்டையோடு நீங்களே போய், பெட்டி திறக்கப்படும் இடத்தில் நின்று, உத்தியோகத்தரிடம் பற்றுச்சீட்டைக் காட்டிப் பேசலாம். கூரியரின் விடுவிப்புக் கூலியும் இல்லை. எதில் அனுப்பினாலும் படிவத்தை இப்படி நிரப்பச் சொல்லுங்கள்: "உடுப்பு, பரிசு" என்று மொத்தமாக எழுதாமல், "பெண்கள் பருத்திச் சட்டை, 2, இவ்வளவு கிராம், இவ்வளவு டொலர்" என்று ஒவ்வொன்றாக, ஆங்கிலத்தில், வாங்கிய உண்மை விலையோடு. கடைப் பற்றுச்சீட்டின் ஒரு பிரதி பெட்டிக்குள், இன்னொன்று வெளியே ஒட்டிய உறையில். விலைச் சீட்டில் பழைய விலை அடித்து, தள்ளுபடி விலை இருந்தால் அதைப் பிய்க்காமல் விடட்டும். போன், ரேடியோ அலை உள்ள கருவி எதையும் அனுப்புவதாக இருந்தால் முதலில் இங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி தேவையா என்று பார்க்கட்டும். மருந்து என்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை. அனுமதி இல்லாத பொருள் மாட்டிக்கொண்டால், விலையைப் பற்றி எவ்வளவு சரியாக வாதாடினாலும் பெட்டி வெளியே வராது.

இன்றைக்கே அக்காவிடம் அந்த வங்கிக் கூற்றைக் கேளுங்கள். ரொறன்ரோவில் இரவு என்றாலும் பரவாயில்லை, செய்தி போட்டு வையுங்கள். வரிக் கணிப்புத் தாள் கைக்கு வந்ததும் அதன் படத்தை எனக்கு அனுப்பினால், வீதங்கள் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.